குளிர்காலத்து மாடி

ஹால்டென் தெரு பதினோராம் எண் வீட்டுக்குக் கோடையில் இரண்டு மாடி, குளிர்காலத்தில் மூன்று. எஸ்லிங்கன் நகரின் அந்த மேட்டுப் பகுதியில் இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. மேல்மாடிக்குக் கனமான பார்சல் வந்தால், மே மாதம் வரை பொறுக்க முடியுமா என்று தபால்காரர் முதலில் விசாரிப்பார். எதிர்வரிசை வீடுகளில் அக்டோபர் கடைசியில் மாலை வெயில் கொஞ்சம் முன்னதாகவே மறைந்துவிடும். அவர்கள் அதற்குத் தக்கபடி துணி உலர்த்தும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். கூடுதல் மாடி முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் வரும். அதில் வீடு எதுவும் கிடையாது. அகலமான ஒரு நடை, தெற்குப் பார்த்த உயரமான ஜன்னல், சிவப்பு ஓடு பதித்த தரை, கீழிருந்து ஏறிவரவும் மேலே ஏறிப்போகவும் படிகள். அவ்வளவுதான்.

அந்த மாடி வந்ததற்குக் காரணம், முதல் மாடியில் குடியிருந்த ஓட்மார் வுர்ஸ்டருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாததுதான். அவர் பேருந்து ஓட்டுநர். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திராட்சைச் சரிவுகளுக்கு மேலே நகராட்சி குத்தகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்று அவருடையது: ஒரு மரக்கொட்டகை, ஒரு சீமைமாதுளை மரம், வேலியோரம் டாலியா, நடுவில் முட்டைக்கோஸ். தோட்டக்கலையை அவர் யாரிடமும் கற்றதில்லை. செடி எதையும் கடையில் வாங்கியதும் இல்லை. செடிகள் அவரைத் தேடி வந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அரளித் தொட்டியை வுர்ஸ்டரின் வேலியோரம் வைத்துவிட்டுப் போவார். மாமியார் இறந்ததும் மருமகள் எலுமிச்சை மரத்தைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வருவாள். பேருந்தில் ஏறிய ஒரு கிழவர் டிக்கெட்டோடு செம்பருத்திக் கன்றையும் அவர் மடியில் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனதும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஓட்மார் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னும் ஒண்ணுதானே," என்பார்.

கோடையில் இதனால் தொல்லை இல்லை. அக்டோபரில்தான் கணக்கு உதைக்கும். முதல் பனி விழுந்த காலையில் டாலியாக்கள் ஒரே இரவில் கறுத்துத் தொங்கும். ஓட்மார் தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, தலைகீழாகக் கவிழ்த்து நீர் வடிய வைப்பார். பிறகு மணல் பெட்டியில் புதைத்து நிலவறைக்குக் கொண்டுபோவார். சீமைமாதுளையைப் பறித்துச் செய்தித்தாளில் பரப்புவார். உதிர்ந்த இலையை முள்ளெலி தூங்குவதற்காக வேலியோரம் குவித்துவிடுவார். இதெல்லாம் எளிது. அரளி, எலுமிச்சை, அத்தி, செம்பருத்தி, ஜிமிக்கி போலப் பூ தொங்கும் ஃபூக்சியாக்கள், கை நீளத்துக்கு மஞ்சள் பூ கவிழும் மரஊமத்தை ஆகியவைதான் பிரச்சினை. வெளியே விட்டால் ஒரே இரவில் செத்துப்போகும். வீட்டுக்குள் கணப்பு அருகே வைத்தால் வெந்துபோகும். அவற்றுக்கு வேண்டியது சூடில்லாத வெளிச்சமான இடம், கொஞ்சம் தண்ணீர், நிறைய நிம்மதி. அந்த வீட்டில் அப்படிப்பட்ட இடம் படிக்கட்டு ஒன்றுதான். அதில் ஆள் நடக்கவும் வேண்டும்.

1971 அக்டோபரில் படிக்கட்டு நிரம்பிவிட்டது. கடைசியாக மரஊமத்தைத் தொட்டி மிச்சம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இலை முகத்தில் உரச, எங்காவது ஒரு மூலை கிடைக்குமா என்று ஓட்மார் மேலே ஏறினார். தன் வாசலைத் தாண்டி ஏறியபோது வெயில் விழுந்த ஒரு நடை வந்தது. நல்ல இடமாக இருக்கிறதே என்று தொட்டியை இறக்கி வைத்தார். முதுகை நிமிர்த்தி ஜன்னல் வழியே நெக்கார் நதியைப் பார்த்தார். பிறகு கீழே போய் மற்றத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம், இப்படி ஓர் இடம் இருந்ததில்லையே என்ற எண்ணம் அவருக்குக் குளிக்கும்போதுதான் வந்தது.

இரண்டாம் மாடியில் இருந்த ஃப்ராவ் ஐசலே அன்று மாலையே கதவைத் தட்டினாள். கணவனை இழந்தவள், முழங்கால் இரண்டும் தேய்ந்தவள், அந்தத் தெருவிலேயே பளபளப்பான படிகளுக்குச் சொந்தக்காரி. கையில் கடைப்பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஹெர் வுர்ஸ்டர், உங்க வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு மாடி நிக்குது."

"பாத்தேன், ஃப்ராவ் ஐசலே. செடிகள அங்க வச்சிட்டேன்."

"வச்சிட்டீங்க. சரி. சனிக்கிழமை அத யாரு பெருக்குறது?"

மாடி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் வேறு யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வாசலிலிருந்து கீழ்வீட்டு வாசல் வரை சனிக்கிழமைதோறும் பெருக்கித் துடைக்க வேண்டும் என்பது முறை. அந்த முறைப்படி புது மாடி ஃப்ராவ் ஐசலேவின் பங்கில் விழுந்தது. ஆனால் குப்பை ஓட்மாரின் செடிகளுடையது. ஓட்மார், நானே பெருக்குகிறேன் என்றார். கீழ்வீட்டுக்காரர் தன் வாசலுக்கு மேலே ஏறிவந்து பெருக்கினால் மேல்வீட்டுக்காரி சோம்பேறி என்றல்லவா தெரு பேசும் என்று அவள் மறுத்தாள். கடைசியில் இருவரும் பெருக்கவில்லை. அரளி தன் மஞ்சள் இலைகளை உதிர்த்துக்கொண்டே இருந்தது. ஃப்ராவ் ஐசலே அந்த மாடியைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி ஏறினாள்.

புது மாடியால் உடனே பயன் அடைந்தவள் தரைத்தளத்தில் இருந்த எவந்தியா காரஸ். கணவனும் அவளும் வடக்கு கிரேக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள், ஒரு கைக்குழந்தை. ஜன்னலுக்கும் எதிர்ச்சுவருக்கும் குறுக்கே ஒரு கயிறு கட்டி அவள் குழந்தைத் துணிகளை உலர்த்தத் தொடங்கினாள். முதல் நாள் அரளியைப் பார்த்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எங்க ஊர்ல இது ரோட்டோரம் கெடக்கும். ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிடும். இங்க இதுக்குத் தனி ரூம். நாங்க மூணு பேரு ரெண்டு ரூம்ல இருக்கோம், ஹெர் வுர்ஸ்டர். இது வாடகை குடுக்குதா?"

"பூக்குது," என்றார் ஓட்மார்.

"அப்ப நானும் நாளையிலிருந்து பூத்துப் பாக்குறேன்."

மே மாத நடுவில், கடைசிப் பனி விழும் என்று ஊரார் நம்பும் பனிப் புனிதர்களின் நாட்கள் கழிந்து, அவர்களில் கடைசியாக வரும் குளிர் சோஃபியின் நாளும் போன பிறகு, ஓட்மார் தொட்டிகளைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார். கடைசித் தொட்டி வாசலைத் தாண்டியதும் வீடு பழையபடி இரண்டு மாடி ஆயிற்று. ஃப்ராவ் ஐசலே கடைக்குப் போய் வரும்போது பாதி மூச்சிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டாள். அடுத்த அக்டோபரில் முதல் தொட்டி உள்ளே வந்ததும் மாடி திரும்ப வந்தது. இப்படி மூன்று குளிர்காலம். அதற்குள் தொட்டிகள் இரண்டு பங்காகப் பெருகியிருந்தன. மாடியும் அதற்கேற்ப அகன்று கொடுத்தது. ஜனவரியில் எலுமிச்சை பூக்கும்போது வாசம் நிலவறை வரை இறங்கும். ஃப்ராவ் ஐசலேவின் முழங்காலும் வருடத்துக்கு வருடம் மோசமாகிக்கொண்டே வந்தது.

1974 அக்டோபரில் அவள் வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொல்லப் போய்விட்டாள். நொப்பர் என்பவர், ரயிலடிக்கு அருகே குழாய், தண்ணீர்த் தொட்டி விற்கும் கடை வைத்திருந்தார். வாடகை வாங்குவதைத் தவிர அந்த வீட்டுப் பக்கம் வராதவர். வந்து படியேறிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். சுவரைத் தட்டினார். பிறகு எல்லோரையும் நடையில் கூட்டி வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"வீடு என்னோடது. அப்ப மாடியும் என்னோடதுதான். இருந்துட்டுப் போகட்டும். ஆனா என் வீட்டுப் படிக்கட்டுல காஞ்ச இலை கெடக்கக் கூடாது. நவம்பர் முதல் சனிக்கிழமை வருவேன். ஒரே ஒரு இலை கண்ணுல பட்டாலும் தொட்டி அத்தனையும் முற்றத்துக்குப் போகணும்."

முற்றத்தில் அந்த வாரம் வாளித் தண்ணீர் இரவோடு இரவாக உறைந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு இரவு என்றால் என்ன என்று ஓட்மாருக்குத் தெரியும். யார் யாரோ பல வருடம் வளர்த்து, போகும்போது அவரை நம்பி விட்டுப்போன செடிகள். கிழவர் மடியில் வைத்த செம்பருத்தி இப்போது அவர் தோளுக்கு வளர்ந்திருந்தது.

எனவே அவர் தேய்க்கத் தொடங்கினார். பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னே வாளியை எடுத்தார். ஃப்ராவ் ஐசலேவும் நொப்பரின் உத்தரவு என்பதால் குறுக்கே பேசவில்லை. சோடா உப்புக் கரைத்த சுடுநீரில் ஓடுகளை மண்டியிட்டுத் துடைத்தார். மஞ்சளாகத் தொடங்கிய இலைகளை உதிர்வதற்கு முன்பே கிள்ளினார். தொட்டிகளின் வெளிப்புறத்தைக் கழுவினார். திங்கட்கிழமை எவந்தியா துணி காயப்போட வந்தபோது அவள் கயிறு கைப்பிடி உயரத்துக்குத் தொய்ந்திருந்தது. இழுத்துக் கட்டினாள். புதன்கிழமை முழங்கால் உயரத்துக்குத் தொய்ந்திருந்தது.

"கயிறு நீளுதா, இல்ல சுவர் கிட்ட வருதா?" என்று கேட்டாள்.

ஓட்மார் நிமிர்ந்து பார்த்தார். எலுமிச்சையின் உச்சி கூரையைத் தொட்டு வளைந்திருந்தது. நேற்று அதற்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. மரம் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலும் அழுத்தித் தேய்த்தார்.

நொப்பர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை சக ஓட்டுநர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஓட்மார் வண்டி எடுக்க வேண்டியதாயிற்று. விடியும் முன் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார்; இரவில் அரளி ஒரு கை இலையை உதிர்த்திருந்தது. பெருக்க நேரமில்லை. அன்று முழுவதும் அவர் பேருந்தை ஓட்டியது எப்படி என்று அவருக்கே நினைவில்லை. பயணிகள் மட்டும், வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெருமூச்சு விட்டபடி நின்றது என்றார்கள்.

மேலே ஃப்ராவ் ஐசலே கதவைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இறங்கப் போனவள் அன்று கண்ணைத் திறந்துகொண்டே இறங்கினாள். இலைகளைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். உள்ளே போய் வாளியும் விளக்குமாறும் எடுத்து வந்தாள். துணி எடுக்க வந்த எவந்தியா அசந்துபோனாள்.

"நீங்க எதுக்கு? போய்ப் புகார் சொன்னதே நீங்கதானே?"

"சொன்னேன். அதுக்காக அந்தக் குழாய்க்கடைக்காரன் வந்து நம்ம படிக்கட்டுல இலை பொறுக்கிக் காட்டணுமா? நகரு, காலத் தூக்கு."

எவந்தியா துணிகளைக் கயிற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்கூடையோடு கீழே வந்துவிட்டாள். சற்று நேரத்தில் கனமான புத்தகத்தை மூடுவது போல மேலே ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நொப்பர் வந்தபோது வீட்டுக்கு இரண்டு மாடிதான் இருந்தது. படிகள் மின்னின. இலையும் இல்லை, தொட்டியும் இல்லை. ஃப்ராவ் ஐசலேவின் மணியை அழுத்தினார், பதில் இல்லை. இப்படித்தான் இருக்கணும் என்று எவந்தியாவிடம் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

ஓட்மார் வந்து பார்த்தார். தன் வாசலிலிருந்து ஏறினால் நேராக ஃப்ராவ் ஐசலேவின் வாசல். அவள் இல்லை. மாடி இல்லை. செடிகள் இல்லை. படியில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்தபோது உள்ளே எங்கோ வெகு தூரத்தில் விளக்குமாறு உரசும் சத்தம் கேட்டது. சீராக, அலுக்காமல். அந்தப் பகுதிக் காவலர் வந்து அவரும் காதை வைத்துக் கேட்டார். அம்மாள் வீட்டில்தான் இருக்கிறார், வேலையாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, செங்கலுக்குப் பின்னால் செங்கல்தான் என்றார். ஓட்மார் இரவல் வாங்கிய ஜெரானியம் தொட்டி ஒன்றைப் படியில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. செடிகளை நினைத்து வருந்தினால், உள்ளே ஓர் அம்மாள் இருக்கும்போது செடிக்கா வருத்தம் என்று வெட்கமாக இருந்தது. அம்மாளை நினைத்து வருந்தினால் கூடவே செடிகளும் வந்து நின்றன. அவளைக் கீழே இறக்குவதற்கு இருந்த ஒரே வழி, அவர் அறிந்தவரை, படிகளை இன்னும் நன்றாகத் துடைப்பதுதான். துடைத்தார். சத்தம் இன்னும் தூரம் போயிற்று.

எவந்தியாதான் வாளியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"டாலியா கெழங்க வாரத்துக்கு எத்தன தடவ தோண்டிப் பாப்பீங்க?"

"தோண்ட மாட்டேன். தோண்டித் தோண்டிப் பாத்தா அழுகிடும்."

"குளிர்காலத்துல செடிக்கு என்ன செய்யணும்னு எனக்கு நீங்கதான் சொன்னீங்க."

"ஒண்ணும் செய்யக் கூடாது. அப்படியே விடணும்."

"நீங்க தேய்ச்ச வாரமெல்லாம் என் கயிறு தொங்குச்சு. தேய்க்காத மூணு வருஷம் மாடி அகலமாயிட்டே இருந்துச்சு. அப்படியே விடுங்க."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையுந்தான்."

ஓட்மாரின் முகம் வெளுத்தது. பேருந்து ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நிறுத்தத்தைக்கூடத் தவறவிடாதவர் அவர். அவருடைய அம்மா பிரசவ வலி வந்த பிறகும் நடைபாதையைப் பெருக்கி முடித்துவிட்டுத்தான் அவரைப் பெற்றாள் என்று அவர் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை அவர் விளக்குமாற்றை நிலவறையில் வைத்துப் பூட்டினார். வாசற்கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பூசணியை முட்டுக் கொடுத்தார். தன் வீட்டுக்குள் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, செய்யாத குற்றத்துக்குத் தண்டனையை எதிர்பார்க்கிறவர் போல உட்கார்ந்துகொண்டார்.

காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. தெருமுனைச் செஸ்நட் மரத்தின் இலைகள் முதலில் வந்தன. பிறகு திராட்சைச் சரிவிலிருந்து சிவப்பு இலைகள், யாருடைய தோட்டத்திலிருந்தோ பேரி இலைகள். வாசலில் தயங்கி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, படிப்படியாக மேலே ஏறின. இரண்டு வாரத்தில் கணுக்கால் ஆழம். பதினோராம் எண் வீட்டு நடைபாதை பெருக்கப்படாமல் கிடப்பதைக் கண்டு, யாரோ இறந்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் சூப் வந்தது. இன்னொரு நாள் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் பொறுக்க முடியாமல் காலையிலேயே விளக்குமாற்றோடு வந்துவிட்டார். எவந்தியா போன வருடம் பிறந்த இரண்டாவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, ஒரு இலையை எடுத்தீங்க, போலீசக் கூப்பிடுவேன் என்று திருப்பி அனுப்பினாள். படிக்கட்டின் அடியில் ஒரு முள்ளெலி வந்து சுருண்டு தூங்கியது. நடந்தால் வீடு முழுக்கச் சரசரத்தது. எவந்தியாவின் அந்தக் குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டதே அந்த இலைகளில்தான். விழுந்தால் வலிக்காது என்பதால் அழாமல் கற்றுக்கொண்டது.

சுவருக்குள் விளக்குமாறு உரசும் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. ஒரு நாள் நின்றுவிட்டது. அன்று ஓட்மார் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இலைகளின் மேல் உட்கார்ந்து சுவரோடு காதை ஒட்டிக்கொண்டார். வெகு நேரம் ஒன்றுமில்லை. பின்பு மிக மெல்ல, மூக்கால் முனகுவது போல ஒரு பாட்டு. நடனக்கூடத்தில் வாசிக்கும் பழைய வால்ட்ஸ் மெட்டு. சில இடங்களில் தப்பாக, திரும்பத் திரும்ப. ஃப்ராவ் ஐசலே பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஓட்மார் சுவரைத் தொட்டார். வெயிலில் கிடந்த சுவர் போல வெதுவெதுப்பாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் செய்தி நொப்பரின் கடைக்கு எட்டிவிட்டது. அவர் வாசலில் நின்று பூசணியைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார்.

"ஃப்ராவ் காரஸ், இது என்ன?"

"இலை, ஹெர் நொப்பர்."

"இலைன்னு எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சா சரி."

எல்லோரையும் காலி செய்யச் சொல்லப் போகிறேன், இன்றைக்கே, ஒருவர் விடாமல் என்று சொல்லிக்கொண்டே அவர் படியேறினார். ஓட்மார் பின்னால் ஓடினார். நொப்பர் கோபத்தில் ஒவ்வொரு படியையும் மிதித்துச் சரசரக்க வைத்துக்கொண்டு முதல் மாடியைக் கடந்தார். பேசிக்கொண்டே மேலும் ஏறினார். ஏற ஏறப் படி முடியவில்லை. திடீரென்று முகத்தில் வெயில் அடித்தது. அவர் பேச்சை நிறுத்தினார்.

சிவப்பு ஓட்டுத் தரை முன்னைவிட இரண்டு பங்கு அகலமாக இருந்தது. எலுமிச்சை பூத்திருந்தது. மரஊமத்தை தலைக்கு மேலே மஞ்சள் மஞ்சளாகக் கவிழ்ந்திருந்தது. எவந்தியாவின் கயிறு வீணைத் தந்தி போல இழுத்து நின்றது; அதில் கிடந்த குழந்தைத் துணிகள் மடிக்கப்பட்டு ஜன்னலோரம் அடுக்கியிருந்தன. அரளிக்கும் செம்பருத்திக்கும் நடுவே, கவிழ்த்த வாளியின் மேல், செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு ஃப்ராவ் ஐசலே உட்கார்ந்திருந்தாள். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. பக்கத்தில் ஒரு விளக்குமாற்றுக் கைப்பிடி மட்டும் கிடந்தது. குச்சி ஒன்றுகூட மிச்சமில்லை. சுற்றிலும் தரையில் மஞ்சள் இலைகள், யாரும் தொடாமல்.

"காலத் தட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன்னு பாத்தீங்களா, ஹெர் நொப்பர்? அப்படியே வாங்க."

ஓட்மார் செடிகளைப் பார்க்கவில்லை. முதலில் அவளைத்தான் பார்த்தார். நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். அவள், எல்லாம் நல்லா இருக்கு, அந்த அத்தி மட்டும் கொஞ்சம் சோர்ந்திருக்கு, பாருங்க என்றாள். அவளுக்கு அது இன்னும் அதே சனிக்கிழமைதான். பெருக்கிக்கொண்டே இருந்தாளாம். ஒவ்வொரு முறை முடித்ததும் இன்னும் ஒரு இலை விழுந்ததாம். விளக்குமாறு தேய்ந்து தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாளாம். பன்னிரண்டு வயதிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்ததே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்ததாம். "நல்லாத்தான் இருக்கு," என்றாள், ஏதோ புதுப் பண்டத்தைச் சுவைத்துப் பார்த்தவள் போல.

நொப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இலை கிடந்தால் தொட்டிகள் முற்றத்துக்குப் போக வேண்டும் என்று தான் சொன்னதை நினைவூட்டினார்.

"நான் இருக்குற வரைக்கும் ஒரு தொட்டியும் எங்கயும் போகாது," என்றாள் ஃப்ராவ் ஐசலே.

"நீங்கதானே கடைக்கு வந்து சொன்னீங்க? முழங்கால் வலிக்குது, ஏற முடியலன்னு?"

"வலிக்குதுதான். இனிமே நடுவுல உக்காந்துட்டுப் போறேன்."

நொப்பர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தார். எலுமிச்சைப் பூவைக் குனிந்து முகர்ந்தார். ஜன்னலருகே ஓட்மாரைத் தனியே ஒதுக்கி, குரலைத் தாழ்த்தி, தன் மனைவி ஒரு கமேலியா பூச்செடி வைத்திருப்பதாகச் சொன்னார். வருடா வருடம் மொட்டு விடுகிறது. ஜனவரியில் ஒன்றுவிடாமல் உதிர்ந்துவிடுகிறது. மனைவி ஒரு வாரம் பேசுவதில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஓட்மார் கேட்டார். கணப்புக்குப் பக்கத்தில்தான், குளிரக் கூடாதே என்று.

"அதான் தப்பு. கொண்டு வாங்க," என்றார் ஓட்மார். "இன்னும் ஒண்ணுதானே."

கமேலியா மறுநாளே வந்தது. நொப்பரே சுமந்து வந்தார். ஜனவரியில் அது பூத்தபோது நொப்பரின் மனைவி வந்து அரைநாள் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதன் பிறகு இலை பற்றி யாரும் பேசவில்லை. அந்த மாடி யாருடைய பங்கிலும் சேராது என்று முடிவாயிற்று. மற்றப் படிகளை எப்போதும் போலச் சனிக்கிழமை பெருக்கினார்கள். ஃப்ராவ் ஐசலேவும் பெருக்கினாள், மத்தியானம் வரை. மத்தியானத்துக்குப் பிறகு அவளும் ஓட்மாரும் செடிகளுக்கு நடுவே காபி குடித்தார்கள். எட்டு வருடம் கழித்து ஒரு மே மாதம், தொட்டிகள் தோட்டத்துக்குப் போன அன்று, இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். குளிர் சோஃபி போகும் வரை காத்திருந்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் ஓட்மார், அதற்கு முன்பு எதையும் வெளியே எடுப்பது நல்லதல்ல என்றார். எவந்தியா அந்தக் கல்யாணத்தில் தலையில் அரளி சூடிக்கொண்டு ஆடினாள். எங்க ஊர்ல பாத்தா சிரிப்பாங்க என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே ஆடினாள்.

விஷயம் மெல்லத் தெருவில் பரவியது. ஒன்பதாம் எண் வீட்டில் ஒரு அக்டோபரில் யாரும் படி பெருக்கவில்லை; நவம்பரில் அவர்களுக்கும் ஒரு மாடி கிடைத்தது. பதினைந்தாம் எண்ணுக்கு வடக்குப் பார்த்த மாடி வந்தது, ஜெரானியத்துக்குப் போதும். எல்லோருக்கும் சரியாக அமைந்துவிடவில்லை. மேட்டின் உச்சியில் இருந்த பல் மருத்துவர் ஆசையாக ஒரு ஆலிவ் மரம் வாங்கியிருந்தார். இலைகளை விட்டுவைத்தார், ஆனால் ஆள் பார்க்காதபோது மூலைகளை மட்டும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அரை மாடிதான் வந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். ஆலிவ் மரத்தைப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. நோயாளிகள் சிரிக்கிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டு, ஃப்ராவ் ஐசலேவை அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அப்போது அவளுக்கு எழுபத்தாறு வயது. கைத்தடி ஊன்றி, நடுநடுவே நின்று நின்று, மேட்டை ஏறிப் போனாள். குனிந்து உள்ளே நுழைந்தாள். மருத்துவர் கையைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றார். அவள் நான்கு மூலைகளையும் பார்த்தாள். பிறகு ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, ஒட்டிய தூசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பரவாயில்ல, டாக்டர்," என்றாள். "இன்னும் ஒரு மாசம் அப்படியே விடுங்க. நிமிர்ந்து நிக்கலாம்."